காக்கி நூலும் முதல் போணியும்

1

இன்று காலை ஷட்டரை முழுதாக ஏற்றி முடிப்பதற்குள் ஒரு வெள்ளைக்கார அம்மா கடைக்குள் வந்துவிட்டார். கையில் எங்கள் கடைப் பை. போன வாரம் வாங்கிய ஜிப் நீளம் பத்தவில்லையாம், பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றார். சிரித்த முகம். ரசீதும் பத்திரமாக வைத்திருந்தார்.

மதுரையில் என்றால் "அம்மா, இன்னும் போணிகூட ஆகல, பத்து மணிக்கு மேல வாங்களேன்" என்று சொல்லலாம். கேட்பவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு "ஐயையோ, மறந்துட்டேன்" என்று திரும்பிப் போய்விடுவார். முதல் வியாபாரம் நடக்கும் முன் கல்லாவிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். இங்கிலாந்தில் இதை எந்த வார்த்தையில் சொல்வது?

நான் கடை முதலாளி கிஷோர்பாயைப் பார்த்தேன். அவர் குஜராத்திக்காரர், லெஸ்டர் நகரில் வெகுகாலமாகத் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் முகமும் என் முகத்தைப் போலவே ஆகியிருந்தது. குஜராத்தியிலும் அதற்குப் போணிதான். ஒரு விநாடி யோசித்தார். பிறகு கடையின் பின்மூலைக்குப் போனார். நூல், பொத்தான், ஜிப், லேஸ் எல்லாம் அடுக்கிய அந்த மூலைதான் என் கடை. அவரிடம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அங்கிருந்து ஓர் அட்டைப் பொத்தானை எடுத்துவந்து, தன் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டேன். போணி ஆயிற்று. அதற்கப்புறம் அந்த அம்மாவின் பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டேக் யுவர் டைம், மி டக்" என்றார். இந்த ஊரில் கடைக்காரரையும் பஸ் ஓட்டுநரையும் வாத்து என்றுதான் அன்பாகக் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் நான் என் நடையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, கொஞ்ச நாள் கால்களை நேராக வைத்து நடந்து பார்த்தேன்.

நாங்கள் வந்து இந்த ஆவணியோடு ஏழு வருஷம் முடிகிறது. என் மனைவி சாந்தாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து அவள் முன்னால் வந்தாள், நானும் மகள் மீனாவும் பின்னால் வந்தோம். மதுரையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் வைத்திருந்த தையல் சாமான் கடையை மூடிவிட்டுத்தான் வந்தேன். என் கூச்சத்துக்கு இந்த ஊர் தோதாகத்தான் இருக்கிறது. கூடையை எடுத்து, வேண்டியதைப் போட்டு, காசைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிடலாம். இப்படி ஒரு கடை உலகத்தில் இருக்கும் என்று யாராவது சின்ன வயசில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஜிப்பைத் திருப்பிக் கொடுத்த அம்மா போன பிறகு கிஷோர்பாய் கேட்டார்: "உன் புத்தகத்தில் இதை எழுதுவாயா?"

அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2

சுந்தரபாண்டி என் பள்ளிக்கூடச் சிநேகிதன். ஆரப்பாளையத்தில் அச்சகம் வைத்திருக்கிறான். முதலில் கல்யாணப் பத்திரிகை, அப்புறம் காலண்டர், அப்புறம் பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டு விற்கிற சின்னப் புத்தகங்கள்: கோலம், சமையல், கனவுக்குப் பலன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான்.

"மாப்ள, இப்ப கனவெல்லாம் ஓடல. தொழில்தான் ஓடுது. புதுசா தொழில் தொடங்குறவனுக்குப் பத்துப் பாடம்னு ஒண்ணு போடணும். நீதான் எழுதுற."

"நான் பத்தாவதுடா."

"பத்தாவது படிச்சவன் எழுதுனாத்தான் பத்தாவது படிச்சவனுக்குப் புரியும். எம்.பி.ஏ. படிச்ச ஒருத்தர்ட்ட குடுத்தேன். எனக்கே தூக்கம் வந்துருச்சு, அச்சுக் கோத்த பயலுக்கும் தூக்கம் வந்துருச்சு."

"எனக்கு என்னடா தெரியும்? ஒரு மூலையில ரெண்டு அலமாரி."

"லண்டன்ல ரெண்டு அலமாரி."

"லண்டன் இல்லடா, லெஸ்டர்."

"லெஸ்டர்னு அட்டையில போட்டா மருந்துப் பேருன்னு நெனைப்பான். நான் லண்டன்னே போட்டுக்கிறேன். கோட்டு போட்டு ஒரு போட்டோ மட்டும் அனுப்பு."

என்னிடம் மழைக்கோட்டுதான் இருந்தது. போட்டோ எடுப்பதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும். ஆனாலும் முடியாது என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. தொழில் எப்படி நிலைக்கிறது என்பது எனக்குப் பல வருஷமாக இருக்கிற சந்தேகம். ஒரே தெருவில், ஒரே சாமானை விற்கிற இரண்டு கடைகளில் ஒன்று ஓடுகிறது, மற்றது படுக்கிறது. ஏன்? எழுத உட்கார்ந்தால் விடை தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். எதிரே மீனா. பள்ளிக்கூடத்தில் அவள் எடுத்திருக்கும் பாடங்களில் வியாபாரமும் ஒன்று. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், வெளியே தமிழ் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். மீனாவுக்கு சௌராஷ்டிரத்தில் திட்டினால் மட்டும் புரியும். தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலம் கலந்துதான் பதில் வரும். நான் எழுதுவதை எட்டிப் பார்ப்பாள், ஊரில் படித்த தமிழ் எழுத்து மறந்துவிட்டது. நான் படித்துக் காட்ட வேண்டும்.

"அப்பா, உங்க எக்ஸ்பீரியன்ஸ் என்னன்னு ஃபர்ஸ்ட் பேஜ்ல போடணும். எங்க டீச்சர் சொல்லுவாங்க."

"எனக்கு என்ன இருக்கு? ஊர்ல நெறையக் கடையில முதல் போணி நான்தான் பண்ணுவேன்."

"மீனிங்?"

சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

3

அது இப்படித்தான் ஆரம்பித்தது. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்குக் கீழே ஒருவர் பழக்கடை போட்டார். திறப்பு நாளில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நான் தற்செயலாக முதல் ஆளாகப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். அந்தக் கடை ஓடு ஓடு என்று ஓடியது. அந்த ஆள் பக்கத்துச் செருப்புக்கடைக்காரரிடம் சொன்னார். அந்தச் செருப்புக்கடையும் ஓடியது. அப்புறம் "அவருக்குக் கைராசி" என்று பேர் வந்துவிட்டது. பெட்டிக்கடை, பாத்திரக்கடை, கண்ணாடிக்கடை, கோச்சடையில் ஒரு மாவு மில், எது திறந்தாலும் முந்தின நாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றுவிடுவார்கள்.

என்னைப் போலக் கூச்சப்படுகிற ஆளுக்கு இது பெரிய சோதனை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைக்குள் முதல் ஆளாகப் போக வேண்டும். எனக்கு வாய் வராது. கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றை விரலால் காட்டுவேன், எடுத்துக் கொடுப்பார்கள், காசைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து வந்துவிடுவேன். பேரமும் கிடையாது. அதுவே கைராசிக்கு இன்னொரு லட்சணம் என்று ஆகிவிட்டது.

மீனா இதைக் கேட்டுவிட்டு, "சோ, யூ வேர் அ செலிபிரிட்டி" என்றாள். அப்புறம், "அந்தக் கடை எல்லாம் இப்ப இருக்கா?" என்று கேட்டாள்.

நான் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதே இல்லை. அன்றைக்கே சுந்தரபாண்டிக்குப் போன் பண்ணி, எனக்கு நினைவிருந்த கடைகளின் பெயர்களைச் சொல்லி, போகிற வருகிறபோது பார்த்துச் சொல்லடா என்றேன். அவன் ஒரு வாரம் கழித்துச் சொன்னான். பழக்கடை இருக்கிறது. செருப்புக்கடை இப்போது மெடிக்கல். மாவு மில் இருக்கிறது, ஆள் மாறிவிட்டது. கண்ணாடிக்கடை போன இடம் தெரியவில்லை. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப கைராசி?"

"மாப்ள, ஓடுன கடைக்காரன் ஒன்னப் பாத்தா கும்புட்டான். மூடுனவன் ஒன்னயத் தேடி வந்து சொல்லவா போறான்? அவன் அவன் நேரத்த நொந்துக்கிட்டுப் போயிருப்பான்."

அன்றைக்கு முதல் பாடத்தை எழுதினேன். நாள், நட்சத்திரம், இன்னாருடைய கை என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம், சரக்கும் இடமும் தயாரானால் கடையைத் திறந்துவிடுங்கள் என்று. எழுதும்போது எனக்குள் யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டது போல ஒரு சின்ன வருத்தம் இருந்தது. ஆனால் உண்மை அதுதானே என்று தோன்றியது.

4

அந்தப் பாடத்துக்கு முதல் சோதனை செல்வியிடமிருந்து வந்தது.

செல்வி திருவாதவூர்ப் பெண். விவசாயக் குடும்பம். என் கடை இருந்தவரை தினமும் பஸ் ஏறி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கலரைச் சொன்னால் திரும்பிப் பார்க்காமலே நூலை எடுப்பாள். கல்யாணமாகிக் கோச்சடைக்குப் போனவள், இப்போது அங்கேயே தையல் சாமான் கடை போடுகிறாள். இடம் பிடித்து, அலமாரி அடித்து, சரக்கும் இறக்கியாயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஊர் முழுக்கத் தையற்காரர்கள் சீருடை தைக்கிற அந்தச் சில வாரங்களில்தான் இந்தத் தொழிலில் கடை பேர் எடுக்க முடியும். அதை விட்டால் ஆடி. ஆடியில் யார் புதுக்கடை திறப்பார்கள்? ஆவணிக்குள் தைக்கிறவர்கள் எல்லாரும் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள்.

ஆனால் செல்வி கடையைத் திறக்கவில்லை. நான் வந்து போணி பண்ண வேண்டுமாம்.

என் பாஸ்போர்ட்டோ இங்கே விசா அலுவலகத்தில் இருந்தது. நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு மூன்று பேர் பாஸ்போர்ட்டையும் அனுப்பியிருந்தோம். வரிசைப்படி பார்க்கிறோம், காத்திருங்கள் என்று ஒரு தாள் வந்தது. போன் பண்ணினால் பாட்டுப் போடுவார்கள். நான் பாட்டு முடிவதற்குள் வைத்துவிடுவேன், யாராவது எடுத்துவிட்டால் பேச வேண்டுமே. சாந்தா பேசினாள். வரும்போது வரும் என்பதுதான் பதில்.

செல்விக்குப் போனில் என் முதல் பாடத்தை முழுதாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லா எழுதிருக்கீங்கண்ணே. எப்ப வாரீங்க?"

"செல்வி, எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதன்னுதானம்மா எழுதியிருக்கேன்."

"அது புஸ்தகம் வாங்குறவங்களுக்குண்ணே. எனக்கு நீங்கதான் வரணும். எங்கண்ணன் உங்களக் கூப்பிடாம உரக்கடை தொறந்துச்சு, என்னாச்சு?"

"ஒங்கண்ணன் எங்கம்மா உரக்கடையில உக்காந்தான்? டீக்கடையிலதான உக்காந்திருந்தான்."

"கடையில உக்காரவும் ராசி வேணும்லண்ணே."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இங்க மாமனாரு தெனமும் கேக்குறாரு. கடைய ஷோகேசு மாதிரி பூட்டிவச்சுப் பாக்கவா எம்புள்ள சம்பாத்தியத்தக் குடுத்தான்னு. வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லல. சாப்புடுறப்ப மட்டும் பேசாம சாப்புடுறாரு. நீங்க எப்பயாச்சும் வந்துருங்கண்ணே, அம்புட்டுத்தான்."

சுந்தரபாண்டியிடம் சொன்னேன். போன்லயே போணி பண்ண முடியாதா என்று கேட்டது அவன் இல்லை, மீனா. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "ஃபோன் ஆர்டர் மாதிரி, அப்பா" என்றாள். சுந்தரபாண்டி உடனே ஆட்சேபித்தான்.

"கைராசின்னா கை வேணும் மாப்ள. போன்ல வாய்தான வரும்? ஒன் வாய்க்கு ராசி உண்டுன்னு எவனும் சொன்னதில்லயே. ஒன் வாயவே எவனும் பாத்ததில்லயே."

கடைசியில் இப்படி முடிவாயிற்று. என் பர்ஸில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பத்து ரூபாய் நோட்டு இருந்தது. அதை என் கையால் ஒரு வாழ்த்து அட்டைக்குள் வைத்து ஒட்டி, விமானத் தபாலில் சுந்தரபாண்டிக்கு அனுப்புவது. பணம் என் கையிலிருந்து போகிறது, அவன் வெறும் தூதன். ஒத்தைப்படையாக வேண்டும் என்பதற்காக மேற்கொண்டு ஒரு ரூபாயை அவன் போடுவான். திறப்பன்று நான் போனில் ஒரு நூல்கண்டு கேட்க வேண்டியது, செல்வி எடுத்துக் கொடுக்க வேண்டியது. வெள்ளை நூல் என்று பேசிவைத்தோம். செல்வி மாமனாரிடம் கேட்டாள், ஐயரிடம் கேட்டாள், சம்மதம் சொன்னாள். ஆனி மாதத்தில் ஒரு நாளைக் குறித்தார்கள்.

5

அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே விடியற்காலை. ஜூன் மாதம், அதற்குள்ளேயே நல்ல வெளிச்சம். நான் குளித்து, சட்டை மாற்றி, சமையலறையில் போன் பக்கத்தில் நின்றுகொண்டேன். உட்கார மனசில்லை. மீனா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். இந்தியாவுக்குப் பேசுகிற கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்தினேன்.

சுந்தரபாண்டிதான் எடுத்தான். "மாப்ள, கூட்டம்யா. அம்பது பேரு இருப்பாங்க. போன்ல போணின்ன ஒடனே பூரா பயலும் வந்துட்டான். இந்தா, நானும் ஸ்பீக்கர்ல போடுறேன்."

நான் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டேன். பூஜை மணி அடிப்பதும் குழந்தைகள் கத்துவதும் கேட்டன. அப்புறம் செல்வி, கடைக்காரிக்குரிய குரலில்:

"வாங்கண்ணே. என்ன வேணும்?"

நான் வாழ்நாளில் விரலால் காட்டி வாங்கியவன். இப்போது காட்ட ஒன்றும் இல்லை. எதிரே எங்கள் சமையலறைச் சுவர். ஆரப்பாளையம் கடையில் ஜூன் மாதக் காலைகளில் சீருடை தைக்கிறவர்களிடம் நான் தினமும் கேட்ட குரல்தான் அந்த நேரத்தில் காதில் வந்தது. அதையே சொல்லிவிட்டேன்.

"காக்கி நூல் ஒண்ணு குடும்மா."

அந்தப் பக்கம் பெட்டிகளைத் திறந்து மூடுகிற சத்தம். அப்புறம் யாரோ, மாமனாராக இருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னது கேட்டது: "காக்கிப் பெட்டி இன்னும் வரலயேத்தா."

போணிக்கு வந்தவர் கேட்ட பொருளை இல்லை என்று சொல்வதைப் போல ஒரு கெட்ட சகுனம் எங்கள் பக்கத்து வியாபாரத்தில் கிடையாது. மற்ற நேரத்திலேயே கடைக்காரர்கள் அந்த வார்த்தையைச் சொல்ல யோசிப்பார்கள். வெள்ளையே குடும்மா என்று நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி பேசினாள்.

"இருக்குண்ணே. லைன்லயே இருங்க."

அடுத்து ஏதோ தட்டிவிழுகிற சத்தம். சுந்தரபாண்டி நேர்முக வர்ணனை கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"மாப்ள, ஓடுதுய்யா அந்தப் புள்ள. செருப்புக்கூடப் போடல. பட்டுச்சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுது. மூலையில திரும்பிருச்சு. இப்பத் தெரியல."

"எங்கடா போறா?"

"எவனுக்குத் தெரியும்? ஐயரு பேந்தப் பேந்த முழிக்கிறாரு."

அப்போது எங்கள் போனில் கார்டுக்காரியின் குரல் குறுக்கே வந்தது. இன்னும் இரண்டு நிமிஷம்தான் பாக்கி என்றாள். "அப்பா, வேற கார்டு இல்லையா?" என்று மீனா கேட்டாள். இல்லை. கடைகள் திறக்க இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். நைட் டூட்டி முடிந்து உள்ளே வந்த சாந்தா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன?" என்றாள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல்.

"செல்வி ஓடிட்டா" என்றாள் மீனா தமிழில். சாந்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று சுந்தரபாண்டி கத்தினான். மூச்சு வாங்குவது முதலில் கேட்டது, பிறகு குரல். "இந்தாங்கண்ணே, காக்கி..."

லைன் அறுந்துவிட்டது.

"அப்பா, நீங்க வாங்குனீங்களா, இல்லையா?" மீனா கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. சொன்னாள், ஆனால் நான் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. நோட்டைச் சுந்தரபாண்டி கொடுத்தானா? கண்ணில் ஒற்றினாளா? தெருமுனைக் கடை திறந்ததும் புதுக் கார்டு வாங்கிச் சுற்றிச் சுற்றி அடித்தேன். எடுக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் எடுத்தாள்.

"செல்வி, நான்தாம்மா. என்னாச்சு?"

"அண்ணே, கூட்டம்ணே, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் பேச நேரமில்லை என்று வைத்ததற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

6

மிச்சத்தைச் சுந்தரபாண்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். செல்வி ஓடியது இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு தையற்காரரிடம். அவர் மிஷினில் ஓடிக்கொண்டிருந்த காக்கி நூலைக் காட்டி, "அண்ணே, ஒரு கண்டு விலைக்குக் குடுங்க, ஒங்களுக்குப் புதுசு வாங்கித் தாரேன்" என்று கேட்டிருக்கிறாள். அவர் பிரிக்காத கண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, பட்டுச்சேலையோடு வெறுங்காலில் ஓடுகிற பெண்ணை வேடிக்கை பார்க்கத் தன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறார். வந்தவர் அலமாரிகளைப் பார்த்தார். தேவைப்பட்டதை எல்லாம் அங்கேயே வாங்கினார். சாயந்தரத்துக்குள் மற்றத் தையற்காரர்களிடம் சொல்லிவிட்டார். ஒரு பொருள் இல்லை என்றால்கூட அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் கொண்டுவரும் என்று.

இப்போது என் முதல் பாடம் என்ன ஆகிறது? கைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். அவள் காத்திருந்தாள், கடை ஓடுகிறது. கைராசியால் ஓடுகிறது என்றால் நான் எதையுமே வாங்கி முடிக்கவில்லை. நான் வாய் தவறிக் காக்கி கேட்காமல் பேசிவைத்தபடி வெள்ளை கேட்டிருந்தால் அந்தத் தையற்காரர் வந்திருக்கவே மாட்டார். இதை எந்தத் தலைப்பில் போடுவது? மீனாவிடம் கேட்டேன். "சப்ளை செயின் இஷ்யூ" என்றாள். அப்புறம் தானாகவே, "ஆனா, அவங்க ஓடுனது சப்ளை செயின் இல்லப்பா" என்றாள். பாடத்தை அடித்துவிட்டேன். அட்டைப்படம் தயாராகிவிட்டது என்று சுந்தரபாண்டி நச்சரித்தான். வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு பல ஞாயிறுகள் போயின.

பாஸ்போர்ட் வந்த பிறகு தை மாதம் நான் மட்டும் ஊருக்குப் போனேன். செல்வியின் கடையைப் பார்த்தேன். நான் போனபோது அவள் இல்லை. மாமனார் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஆரப்பாளையத்துல ஒரு செல்போன் கடை தொறக்குறாங்க தம்பி. போணிக்கு மருமகளக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. இப்பல்லாம் அதத்தான் கூப்புடுறாங்க, அதுக்குக் கைராசின்னு." கொஞ்சம் தயங்கி, "ஒங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லயே?" என்றார்.

இல்லை என்றேன். உண்மையிலேயே வருத்தம் இல்லையா என்று பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. சுந்தரபாண்டியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஆரப்பாளையத்துக்குப் போனேன்.

கடை வாசலில் வாழைமரம், சீரியல் செட், கூட்டம். நான் கடைசி வரிசையில் நின்றேன். ஒரு திறப்பு விழாவைப் பின்னாலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. செல்வி முன்னால் போய் ஒரு ரீசார்ஜ் கார்டு கேட்டாள். கடைக்கார இளைஞன் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். அவள் கேட்டது அவன் மேசைமேல் முன்கூட்டியே எடுத்துவைத்திருந்தது. நான் அந்த இடத்தில் நின்ற காலமெல்லாம் இது என் கண்ணில் பட்டதில்லை. பணம் கைமாறியது, கைதட்டினார்கள், சர்க்கரைப் பொங்கல் வந்தது. செல்வி என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே!" என்று கூவிக்கொண்டு வந்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூசியது. அவளை ஐயர் மறுபடி கூப்பிட, "போயிராதீங்க, இந்தா வாரேன்" என்று போனாள்.

கூட்டம் பொங்கல் பக்கம் நகர்ந்தது. கவுண்டர் காலியாக இருந்தது. நான் போய் என் போனை எடுத்துக் காட்டினேன்.

"தம்பி, இதுக்கு உறை இருக்கா?"

"இல்லண்ணே" என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எத்தனை கடைகளின் முதல் நாளில் நான் உள்ளே போயிருக்கிறேன். ஒருவர்கூட என்னிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கண்ணாடிக்கடைக்காரரிடம் எது இல்லாமல் இருந்ததோ, செருப்புக்கடையில் எந்த அளவு இல்லாமல் போயிற்றோ, எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இருந்ததை மட்டும் என் கண்முன் அடுக்கிவைத்திருந்தார்கள். நானும் அதையே விரலால் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டுதான் தொழில் ஏன் நிலைக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன். முதலில் போகிறவனுக்குக் கடையைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டாவதாக வருகிறவனிடமிருந்துதான் புத்தகம் தொடங்க வேண்டும்.

"எப்ப வரும் தம்பி?" என்று கேட்டேன்.

அவன் இப்போது நிமிர்ந்தான். "இந்த மாடல நான் பாத்ததே இல்லயேண்ணே. எங்க வாங்குனது?" கையை நீட்டினான். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். லெஸ்டர் என்றேன். அது எங்கே இருக்கிறது, அங்கே உறைக்கு என்ன விலை போடுகிறார்கள், உடைந்தால் யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டான். சொன்னேன். இங்கே எந்த மாடல் அதிகம் வருகிறது, சரக்கு எங்கிருந்து எடுக்கிறாய், ஒருவர் கேட்டு இல்லை என்றால் அதை எங்காவது குறித்துக்கொள்வாயா என்று நான் கேட்டேன். ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "உக்காருங்கண்ணே" என்றான்.

வாசலில் சுந்தரபாண்டி வண்டியை உதைத்துக் கிளப்பி வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

"மாப்ள, வாரியா இல்லயா? வெயிலு ஏறுது."

"இருடா" என்றேன். "பேசிக்கிட்டு இருக்கேன்."